பூசாதீர்கள், கழற்றுங்கள்

சமையலறை சிங்க்குக்கு அடியில் ஒரு பழைய வாளியோ ஐஸ்கிரீம் டப்பாவோ நிரந்தரமாகக் குடியேறிவிட்ட வீடுகள் நம்மிடையே ஏராளம். குழாய் இணைப்பைச் சுற்றிச் சாம்பல் நிற எம்-சீல் உருண்டை, அதன் மேல் ஒரு துணிச்சுற்று, அதற்கும் மேல் சைக்கிள் டியூபை வெட்டிக் கட்டிய கட்டு. ஒவ்வொன்றும் சில வாரம் தாங்கியிருக்கும். பிறகு மறுபடி சொட்டத் தொடங்கியிருக்கும். வாளியை ஊற்றுவது வீட்டு வேலைகளில் ஒன்றாகவே ஆகிவிடும். இத்தனைக்கும் அந்த ஒழுகல் பெரும்பாலான நேரங்களில் அரை மணி நேரத்தில், சில ரூபாய் வாஷர் ஒன்றில் தீரக்கூடியது. கழிவுநீர்க் குழாயின் இணைப்பு ஒழுகினால் அதன் மேல் எதையும் பூசக் கூடாது. கழற்றி, துடைத்து, உள்ளே இருக்கும் வாஷரை மாற்றித் திரும்பப் பூட்ட வேண்டும். அந்த இணைப்பு அப்படிக் கழற்றிப் பூட்டுவதற்காகவே செய்யப்பட்டது. இதைத்தான் இந்தக் கட்டுரை முழுக்க வாதிடப் போகிறேன். ஏனென்றால் வீட்டுப் பராமரிப்பில் நாம் செய்யும் மிகப் பரவலான தவறு இதுதான் என்று நினைக்கிறேன்.

வீட்டில் இரண்டு விதக் குழாய்கள் ஓடுகின்றன. ஒன்று தண்ணீரைக் கொண்டுவருவது, இன்னொன்று கொண்டுபோவது. பார்க்க இரண்டும் குழாய்தான், ஆனால் வேலை செய்யும் விதத்தில் இரண்டுக்கும் உறவே இல்லை. தண்ணீர் 10 மீட்டர் உயரத்தில் நின்றால் அதன் அடியில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஏறத்தாழ ஒரு கிலோ அழுத்தம் இருக்கும். மூன்று மாடி வீட்டின் மொட்டை மாடித் தொட்டியிலிருந்து தரைத்தளக் குழாய்க்கு வரும் தண்ணீர் அவ்வளவு அழுத்தத்தோடுதான் வருகிறது. குழாயை மூடியிருந்தாலும், இரவு எல்லோரும் தூங்கினாலும், அந்த அழுத்தம் இணைப்புகளின் மேல் இருந்துகொண்டே இருக்கும். சிங்க்கின் அடிக்குழாய்க்கு இந்தக் கஷ்டம் கிடையாது. சிங்க் விளிம்பு வரை நிறைந்து நின்றாலும் தண்ணீரின் மேல்மட்டத்திலிருந்து கீழ் இணைப்பு வரை அரை மீட்டர் இருந்தால் அதிகம். அதாவது மேலே சொன்ன அழுத்தத்தில் இருபதில் ஒரு பங்கு. அதுவும் தண்ணீர் இறங்கும் சில நொடிகளுக்கு மட்டும். ஆகவே கழிவுநீர் இணைப்புக்குப் பெரிய பலம் தேவையில்லை. அதன் தேவை வேறு: சரியாக உட்கார்ந்திருக்க வேண்டும்.

இந்த வேறுபாடு தெரியாததால்தான் கொண்டுவரும் குழாய்க்கான வைத்தியத்தைக் கொண்டுபோகும் குழாய்க்குச் செய்கிறோம். டெஃப்லான் டேப் நல்ல உதாரணம். கொண்டுவரும் குழாயில் மரைதான் தண்ணீரைத் தடுக்கிறது. மரைக்கு மரை இருக்கும் இடைவெளியை டேப் நிரப்புவதால் பயன் உண்டு. சிங்க்கின் கீழே இருக்கும் பிளாஸ்டிக் நட்டுகளின் மரை தண்ணீரைத் தடுப்பதற்காக அமைந்ததல்ல. வாஷரை அதன் இருப்பிடத்தில் அழுத்திப் பிடிப்பது மட்டுமே அதன் வேலை. தண்ணீரைத் தடுப்பது வாஷர். மரையில் எத்தனை சுற்று டேப் சுற்றினாலும் வாஷர் கிழிந்திருந்தால் தண்ணீர் வந்தே தீரும். தடிமனாகச் சுற்றிவிட்டால் நட் முழுதாக ஏறாமல் வாஷர் சரியாக அழுந்தாது, ஒழுகல் கூடவும் செய்யும். பிரஷர் குக்கரில் ஆவி பக்கவாட்டில் கசிந்தால் யாரும் மூடியைச் சுற்றிப் பசை தடவுவதில்லை, காஸ்கெட்டை மாற்றுகிறோம். அந்தத் தெளிவு நமக்குச் சிங்க்கின் கீழே குனியும்போதும் வர வேண்டும்.

தண்ணீர் போகும் வழியை மேலிருந்து கீழாகப் பார்த்தால் எங்கெல்லாம் ஒழுகலாம் என்பது விளங்கும். முதலில் வேஸ்ட் கப்ளிங். சிங்க்கின் ஓட்டையில் மேலிருந்து இறங்கி, கீழிருந்து நட் போட்டு இறுக்கப்பட்ட உலோக அல்லது பிளாஸ்டிக் உருப்படி இது. வாஷ்பேசினுக்குப் பெரும்பாலும் 32 மி.மீ., அதாவது ஒன்றேகால் அங்குலம். சமையலறை சிங்க்கின் அடிவாய் 40 மி.மீ., ஒன்றரை அங்குலம். மேலே சல்லடைத் தட்டு இருக்கும் பெரிய கப்ளிங் என்றால் நடுவில் ஒரு திருகு இருக்கும். மேல் தட்டையும் கீழ்க் கிண்ணத்தையும் சேர்த்துப் பிடித்திருப்பது அந்த ஒற்றைத் திருகுதான். அடுத்து டிராப் என்கிற வளைவு, அல்லது அந்த வேலையைச் செய்யும் பாட்டில் டிராப். அதில் மூன்று இடத்தில் வாஷர் உண்டு: மேலிருந்து குழாய் நுழையும் வாய், கீழே கழற்றக்கூடிய கிண்ணம், சுவரை நோக்கிப் போகும் பக்கவாய். கடைசியாக அந்தக் குழாய் சுவரிலோ தரையிலோ இருக்கும் பெரிய பைப்புக்குள் நுழையும் இடம். நம் ஊரில் மிக அதிகம் கவனிக்கப்படாதது இந்தக் கடைசி இடம். மடிப்பு மடிப்பாக இருக்கும் வளையும் வேஸ்ட் பைப்பைப் பெரிய பைப்பின் வாய்க்குள் சும்மா செருகிவிட்டுப் போய்விடுவார்கள். நடுவில் எந்த அடைப்பும் இருக்காது. உள்ளே லேசாக அடைத்துக்கொண்டாலே தண்ணீர் அந்த வாய் வழியாக எதிர்த்து வந்து தரையை நனைக்கும். வீட்டில் இருப்பவர்கள் பைப்பில் ஓட்டை என்று நினைத்துப் புதிய வேஸ்ட் பைப் வாங்கிவருவார்கள்.

ஒருகாலத்தில் நன்றாக இருந்த இணைப்பு ஏன் கெடுகிறது? இதற்கு நம் சமையலே பாதிக் காரணம். சோறு வடித்த கஞ்சி கொதிநிலைக்கு அருகிலிருக்கும் சூட்டில் நேராக சிங்க்கில் இறங்குகிறது. பி.வி.சி. சுமார் 80 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது இளகத் தொடங்கும் பொருள். அது உருகிவிடுவதில்லை, ஆனால் இளகி, நட்டின் அழுத்தத்தில் சற்றே உருமாறி, ஆறியதும் அப்படியே நின்றுவிடும். அது மட்டுமா? சூட்டில் பி.வி.சி. நன்றாகவே நீளும், ஒரு மீட்டர் குழாய் 50 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் நீண்டு, ஆறும்போது அதே அளவு சுருங்கும். தினம் ஒரு முறை நீண்டு சுருங்கும் குழாயின் முனையில் இருக்கும் வாஷர் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் இடத்தை விட்டு நகர்வதில் வியப்பில்லை. கஞ்சியின் மாவுப்பசையும் தாளித்த எண்ணெயும் சேர்ந்து உள்சுவரில் படிவது தனிக்கதை. எண்ணெய்ப் பிசுக்கில் நெடுநாள் ஊறிய மலிவு ரப்பர் உப்பி மெத்தென்றாகும். பிறகு காய்ந்து விறைத்துப்போகும். இவற்றோடு, சிங்க்கின் கீழ் இருக்கும் இடத்தைக் குப்பைக்கூடை, பினாயில் பாட்டில், வெங்காயக்கூடை என்று நிரப்புகிறோம். ஒவ்வொன்றையும் எடுக்கும்போதும் வைக்கும்போதும் டிராப்பில் ஓர் இடி விழுகிறது. ஒழுகல் திடீரென்று வந்ததாகத் தோன்றினாலும் அது மாதக்கணக்கில் தயாராகிக்கொண்டிருந்ததே.

பழுது பார்ப்பதற்கு முன் எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். இது அற்பமாகத் தோன்றினாலும் உண்மையில் பாதி வேலை இதுதான். தண்ணீர் தான் கசிந்த இடத்தில் சொட்டுவதில்லை. குழாயின் வெளிப்புறம் வழிந்து தாழ்ந்த இடத்துக்குப் போய் அங்கே சொட்டும். சொட்டு தெரியும் இடத்தில் பூசப்பட்ட பசை பலன் தராமல் போவதற்கு முதற்காரணம் இதுவே. முதலில் சிங்க்கின் கீழே உள்ள பொருள்களை வெளியே எடுத்துவிட்டு, எல்லா இணைப்புகளையும் பழைய துணியால் ஈரமே இல்லாமல் துடைக்க வேண்டும். தரையில் செய்தித்தாள் விரிக்கலாம். பிறகு சிங்க்கின் வாயை அடைத்து, அதில் தண்ணீர் பிடித்து, கொஞ்சம் மஞ்சள் தூளைக் கரைத்துப் பத்து நிமிடம் விட வேண்டும். அப்போதே கீழே ஈரம் வந்தால் கோளாறு கப்ளிங்கில். அதாவது சிங்க்குக்கும் கப்ளிங் விளிம்புக்கும் நடுவே. வரவில்லையென்றால் அடைப்பை எடுத்து மொத்தத் தண்ணீரையும் ஒரே மூச்சில் இறக்கி, வெள்ளைக் காகிதக் கைக்குட்டையால் ஒவ்வொரு இணைப்பையும் மேலிருந்து வரிசையாக ஒற்றிப் பார்க்க வேண்டும். முதலில் மஞ்சள் கறை எங்கே ஒட்டுகிறதோ அதுதான் இடம். ஈரம் இருந்தும் மஞ்சள் ஒட்டவில்லை என்றால் அது கழிவுநீரே கிடையாது. மேலே குழாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் கனெக்‌ஷன் பைப் கசிகிறது என்று பொருள். வாஷ்பேசினில் தண்ணீர் உயரமாக நிற்கும்போது மட்டும் ஒழுகினால், வழிந்தோட வைத்திருக்கும் மேல் துளையின் பாதையைச் சந்தேகிக்க வேண்டும். மேல் துளை உள்ள பேசினுக்குப் பக்கவாட்டில் திறப்பு வைத்த அரை மரைக் கப்ளிங்கும், துளை இல்லாத பேசினுக்கு முழு மரைக் கப்ளிங்கும் போட வேண்டும். கடையில் இருந்ததை வாங்கி மாற்றிப் போட்டுவிட்ட வீடுகளில் எத்தனை இறுக்கினாலும் ஒழுகல் நிற்பதில்லை.

இடம் தெரிந்துவிட்டால் மீதி வேலை கைவேலைதான். கீழே ஒரு வாளி வைத்துக்கொண்டு, பிளாஸ்டிக் நட்டைக் கையாலேயே இடப்பக்கம் திருகிக் கழற்றலாம். வழுக்கினால் ஒரு துணியைச் சுற்றிக்கொள்ளலாம். கழற்றிய வாஷரைத் தூக்கியெறியாமல் கையோடு ஹார்டுவேர் கடைக்குக் கொண்டுபோக வேண்டும். அளவைச் சொல்லிக் கேட்பதைவிட உருப்படியைக் காட்டிக் கேட்பதில் தவறு நேராது. குழாய் முனையையும் வாஷர் உட்காரும் விளிம்பையும் பழைய பிரஷ்ஷால் சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்து, பிசுக்கு முழுவதும் போன பிறகு விரலால் தடவிப் பார்க்க வேண்டும். குழாயை ஆக்ஸா பிளேடால் வெட்டியபோது முனையில் நின்ற பிசிர் புது வாஷரையும் கிழித்துவிடும். அதை உப்புத்தாளால் தேய்த்து மழுக்கிவிடலாம். ஒரு பக்கம் சரிவாகவும் மறுபக்கம் தட்டையாகவும் இருக்கும் வாஷர் என்றால், சரிவான பக்கம் டிராப்பின் வாயை நோக்கியும் தட்டையான பக்கம் நட்டை நோக்கியும் இருக்க வேண்டும். குழாயில் முதலில் நட், பிறகு வாஷர். வாஷர் புதிதாக இருந்தும் ஒழுகுகிற வீடுகளில் மிகச் சாதாரணமான காரணம், அது தலைகீழாகப் போடப்பட்டிருப்பது. வாஷரின் மேல் ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் தடவினால் முறுக்கிக்கொள்ளாமல் நேராக உட்காரும்.

கப்ளிங்கில் ஒழுகினால் வேலை கொஞ்சம் கூடுதல். நட்டைக் கழற்றிக் கப்ளிங்கை மேலே தூக்கி எடுக்க வேண்டும். நம் வீடுகளில் கப்ளிங் விளிம்புக்கு அடியில் வெள்ளை சிமெண்ட் வைத்து உட்கார வைக்கும் வழக்கம் உண்டு. சிமெண்ட் விறைப்பானது, ஸ்டீல் சிங்க்கோ தண்ணீர் நிறைந்ததும் லேசாகத் தொய்யும், பாத்திரம் விழுந்தால் அதிரும். விறைத்த சிமெண்ட் அந்த அசைவைத் தாங்காமல் மயிரிழையாக விரிசல் விடும். அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, ரப்பர் வாஷரோடு மெல்லிய கோடாக சிலிகான் சீலன்ட் வைத்து உட்கார வைத்தால், இணைப்பு சிங்க்கோடு சேர்ந்து அசையும், விரிசல் விடாது. வைத்த பிறகு டப்பாவில் சொல்லியிருக்கும் நேரம் வரை தண்ணீர் விடக் கூடாது. பெரும்பாலானவற்றுக்கு ஒரு நாள். சல்லடைத் தட்டு உள்ள கப்ளிங் என்றால் முதலில் நடுத்திருகை ஸ்க்ரூடிரைவரால் இறுக்கிப் பாருங்கள். பல வீடுகளில் வேலை அதோடு முடிந்துவிடும்.

இனி மறுப்புகளுக்கு வருவோம். இவற்றில் மிக வலுவானது, ‘எம்-சீல் வைத்தேன், நின்றுவிட்டதே’ என்பது. நிற்பது உண்மைதான். அழுத்தமே இல்லாத இணைப்பில் எதை அப்பினாலும் சில நாள் நிற்கும். சோற்றை அப்பினாலும் நிற்கும். எத்தனை நாள் நிற்கும், பிறகு என்ன ஆகும் என்பதே கேள்வி. எம்-சீல் எபாக்ஸி வகைப் பசை. இரண்டு பாகத்தைச் சம அளவில் பிசைந்து, காய்ந்த, சுத்தமான, சொரசொரப்பான பரப்பில் வைத்தால் கல் மாதிரி இறுகும், அருமையான பொருள். சிங்க்கின் அடியில் இந்த மூன்று நிபந்தனையும் பொருந்துவதில்லை: அங்கே ஈரம், எண்ணெய்ப் பிசுக்கு, வழவழப்பான பிளாஸ்டிக். அந்த பிளாஸ்டிக்கும் பல டிராப்களில் பாலிபுரோப்பிலீன். எபாக்ஸி அதில் சரியாக ஒட்டவே ஒட்டாது, ஓடு போல உரிந்து வந்துவிடும். ஒட்டியதாகவே வைத்துக்கொள்வோம். கல்லாக இறுகிய பசை, சூட்டில் நீண்டு சுருங்கும் குழாயோடு சேர்ந்து நீளாது, ஆகவே விளிம்பில் விடும். எல்லாவற்றையும் விடப் பெரிய நஷ்டம், கழற்றுவதற்காக இருந்த நட் இனிக் கழலாது. அடுத்த முறை உள்ளே அடைத்துக்கொள்ளும்போது டிராப்பைத் திறந்து சுத்தம் செய்ய வழியில்லை. மொத்தத்தையும் அறுத்தெறிந்துவிட்டுப் புதிது வாங்க வேண்டும். சில ரூபாய் வாஷரில் முடிந்திருக்க வேண்டியது, சில நூறு ரூபாயில் முடியும். இரவில் ஒழுகத் தொடங்கி, கடை காலையில்தான் திறக்கும் என்ற நிலையில் ஒரு துணிச்சுற்றோ டேப்போ போடுவதை நான் மறுக்கவில்லை. அது காலை வரைக்குமான ஏற்பாடாக இருக்கட்டும்.

‘இன்னும் கொஞ்சம் இறுக்கினால் போதுமே’ என்பது அடுத்தது. நட் தளர்ந்திருந்தால் போதும்தான். முதலில் அதைச் செய்து பார்ப்பதே முறை. கையால் இறுக்கி, அதன் பிறகு கால் சுற்று. அதற்கு மேல் பைப் ரெஞ்சு போட்டு முறுக்கினால் பிளாஸ்டிக் நட் மரையில் கீறல் விடும், அல்லது வாஷர் பிதுங்கித் தன் இடத்தை விட்டு வெளியே வரும். குழாய் கோணலாக நுழைந்திருக்கும்போது இறுக்குவது இன்னும் மோசம். ஒரு பக்கம் நசுங்கி மறுபக்கம் திறந்திருக்கும். இரு குழாய்களும் இழுவையின்றி, ஒன்றையொன்று தேடிப் போகாமல், தாமாகவே நேராகச் சேர வேண்டும். நீளம் போதாத குழாயை இழுத்துப் பிடித்து நட்டால் கட்டிவைத்தால், அது என்றைக்கு இருந்தாலும் நழுவும். அந்த இடத்தில் செலவு பார்க்காமல் சரியான நீளத்தில் புதுக் குழாய் போட்டுவிடுவது நல்லது.

சிலர் இன்னொரு குறுக்கு வழியைக் கையாள்கிறார்கள். இதைப் பற்றித்தான் நான் அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். ஒழுகும் டிராப்பையே எடுத்துவிட்டு, கப்ளிங்கிலிருந்து நேராக ஒரு வளையும் வேஸ்ட் பைப்பைக் கீழே இறக்கிவிடுவது. ஒழுகல் நிற்கும், அடைப்பும் குறையும். ஆனால் வீட்டுக்கும் சாக்கடைக்கும் நடுவே இருந்த ஒரே கதவு போய்விடும். டிராப்பின் வளைவில் எப்போதும் தங்கியிருக்கும் தண்ணீர்தான் அந்தக் கதவு. வழக்கமாக 50 மி.மீ. ஆழத்துக்கு நிற்கும் அந்தத் தண்ணீரைத் தாண்டிக் கழிவுக்குழாயின் வாயு உள்ளே வர முடியாது. லண்டனில் கடிகாரம் செய்துகொண்டிருந்த அலெக்சாண்டர் கம்மிங், 1775இல் கழிப்பறைக்காகப் பெற்ற காப்புரிமையில் இந்த வளைவைச் சேர்த்தார். இத்தனை காலத்துக்குப் பிறகும் இதைவிட எளிய, மலிவான, பழுதாகாத தடுப்பை யாரும் கண்டுபிடிக்கவில்லை. அது இல்லாமல் போனால் என்ன நடக்கலாம் என்பதை 2003இல் ஹாங்காங் கண்டது. அமோய் கார்டன்ஸ் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில் 300க்கும் மேற்பட்டவர்களுக்கு சார்ஸ் தொற்று பரவியது. ஆராய்ந்தபோது, பல வீடுகளின் குளியலறைத் தரை டிராப்களில் தண்ணீர் வற்றிப் போயிருந்ததும், அந்த வழியாகக் கழிவுக்குழாயின் நுண்துளிகளைக் குளியலறை மின்விசிறிகள் உள்ளே இழுத்திருக்கக்கூடும் என்பதும் முக்கியக் காரணங்களாகச் சொல்லப்பட்டன. நம் சமையலறை சிங்க்கில் அப்படியொரு பேரிடர் நேரும் என்று சொல்லவில்லை. தண்ணீர்த் தடுப்பை அலட்சியம் செய்யக் கூடாது என்பதற்கு இதைவிட அழுத்தமான சான்று எனக்குத் தெரியாது.

வெளியே கல்லி டிராப்போ தரையில் நஹானி டிராப்போ இருக்கிறதே, அது போதாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சிங்க்குத் தண்ணீர் அப்படியொரு டிராப்பின் வழியாகவே போகிறது என்றால் பெரிய கழிவுக்குழாயின் வாயு அங்கேயே தடுக்கப்பட்டுவிடும். ஆனால் சிங்க்கிலிருந்து அந்த டிராப் வரை போகும் குழாயின் உட்சுவரில் படியும் பிசுக்கு அழுகும் வாடை மேலே வரும், கரப்பானும் வரும். அடுக்குமாடிகளில் பல வீட்டு சிங்க்குகள் ஒரே குழாயில் இறங்கும்போது, கீழே ஒரே ஒரு டிராப் இருந்தால் ஒரு வீட்டு வாடை இன்னொரு வீட்டுக்குப் போகும். வளையும் பைப்பையே நூல் கட்டி வளைத்து டிராப் போல ஆக்குவதும் உண்டு. அதன் மடிப்புகளில் சோற்றுப்பருக்கையும் எண்ணெயும் தங்கி வெகு விரைவில் அடைக்கும், மடிப்பில் விரிசலும் விடும். அவசரத்துக்கு அது ஆகும். நிரந்தரமாக இருக்க வேண்டியது உட்புறம் வழவழப்பான, கிண்ணத்தைக் கழற்றிக் கழுவக்கூடிய டிராப்.

சொட்டுதானே, வாளி வைத்தால் போகிறது என்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். இன்றைய மாடுலர் கிச்சன்களின் அலமாரிகள் பல மரத்தூளைப் பசையால் அழுத்திச் செய்த பலகைகள். அவற்றின் வெட்டுவாயில் ஈரம் ஏறினால் பலகை உப்பும். உப்பியது காய்ந்தாலும் பழைய நிலைக்குத் திரும்பாது. திருகுகள் பிடிமானம் இழந்து கதவு தொங்கும். சமையலறையில் திரியும் சிறிய பழுப்புக் கரப்பான் உணவில்லாமல் தாங்கும் நாள்களைவிடத் தண்ணீரில்லாமல் தாங்கும் நாள்கள் குறைவு. சிங்க்கின் கீழ் எப்போதும் ஈரம் இருக்கும் வீட்டில் மருந்தடித்தும் கரப்பான் ஒழியவில்லை என்றால் காரணம் அங்கேதான் இருக்கிறது. ஊற்றாமல் விட்ட வாளியில் கொசு முட்டையிட்டுப் புழுவாகிப் பறப்பதற்கு ஒரு வாரம், பத்து நாள் போதும். மாடி வீடாக இருந்தால் ஓதம் கீழ்வீட்டுக் கூரையில் இறங்கி, சிமெண்ட்டை ஊடுருவி, கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். அண்டை வீட்டாரோடு வரும் மனத்தாங்கலையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

‘இதெல்லாம் பிளம்பர் வேலை, நமக்கெதற்கு’ என்பது நான் மிகவும் மதித்துப் பதில் சொல்ல வேண்டிய மறுப்பு. தொழில் தெரிந்தவரின் கைத்திறனை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் ஒரு வாஷர் மாற்றுவதற்காக மட்டும் அவர் வருவது கடினம். வந்தாலும் அவருடைய நேரத்துக்கான கூலி வாஷரின் விலையைப் போலப் பல மடங்கு இருப்பது நியாயமே. அதனால் இரண்டு பேரும் தள்ளிப்போடுகிறார்கள், இடையில் பசை வந்து உட்கார்ந்துகொள்கிறது. நீங்களே செய்யாவிட்டாலும் இந்த விவரம் தெரிந்திருந்தால், ‘பசை வேண்டாம், கழற்றி வாஷரை மாற்றுங்கள், டிராப்பை எடுத்துவிடாதீர்கள்’ என்று சொல்லத் தெரியும். இந்த மறுப்பின் அடியில் வேறொன்றும் இருக்கிறது: கழிவுநீர் என்றாலே கைவைக்கக் கூசும் மனம். சிங்க்கின் டிராப்பில் நிற்பது நாம் சாப்பிட்ட தட்டைக் கழுவிய தண்ணீர். கையுறை போட்டுக்கொண்டு, முடித்ததும் சோப்புப் போட்டுக் கழுவினால் அதில் ஒரு தீட்டும் இல்லை. நம் வீட்டு அழுக்கை வேறொருவர் கைதான் தொட வேண்டும் என்ற பழக்கம் நம் சமூகத்தில் யார் யாரை எங்கெல்லாம் இறக்கிவிட்டிருக்கிறது என்பதை நாம் அறிவோம். சிங்க்கின் அடியிலாவது அந்தப் பழக்கத்தை விட்டுவிடலாம். வீட்டில் ஆண்கள் மட்டும்தான் இதைச் செய்ய வேண்டும் என்பதும் இல்லை. அந்த நட்டுக்குத் தேவை உடல்பலம் அல்ல, பொறுமை. பள்ளிப் பிள்ளைகளுக்கும் ஒரு விடுமுறை நாளில் சொல்லிக்கொடுத்துவிடலாம்.

வாடகை வீடு, நாம் ஏன் செலவு செய்ய வேண்டும் என்பவர்களும் உண்டு. மத்திய அரசு 2021இல் மாநிலங்களுக்கு வழிகாட்டியாக வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டத்தின் அட்டவணை, தேவைப்படும்போது குழாய்களை மாற்றுவதை வீட்டு உரிமையாளர் கணக்கிலும், குழாய் வாஷர் மாற்றுவது, வடிகால் சுத்தம், வாஷ்பேசின் பழுது, சமையலறைப் பொருத்துகளின் பழுது ஆகியவற்றைக் குடியிருப்பவர் கணக்கிலும் வைக்கிறது. இரு தரப்பும் வேறு விதமாக எழுதிக்கொள்ளலாம். இந்தப் பிரிப்பு எனக்குப் பொருத்தமாகவே படுகிறது. தினமும் குனிந்து பார்க்கக்கூடியவர் அங்கே வாழ்பவர். சொட்டு முதலில் தெரியவருவது அவருக்குத்தான்.

கழற்றுங்கள் என்று இத்தனை சொன்ன பிறகு, கழற்றக் கூடாத இடத்தையும் சொல்ல வேண்டும். நட் இருக்கும் இணைப்பு கழற்றுவதற்கானது. சொல்யூஷன் போட்டு ஒட்டிய பி.வி.சி. இணைப்பு அப்படிப்பட்டதல்ல. சொல்யூஷன் பசையைப் போல இடையில் நின்று பிடிப்பதில்லை. குழாயின் வெளிப்பரப்பையும் சாக்கெட்டின் உட்பரப்பையும் கரைத்து ஒன்றாக்கிவிடுகிறது. ஆகவே ஒழுகும் ஒட்டிணைப்பின் மேல் வெளியிலிருந்து சொல்யூஷனைத் தடவுவதால் பயனில்லை. அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட்டு, புது எல்போவும் சாக்கெட்டும் போட்டு, இரு பரப்பையும் துடைத்து உலர்த்தி, சொல்யூஷன் தடவி, கால் சுற்றுத் திருப்பிச் செருகி அரை நிமிடமாவது அசையாமல் பிடித்திருக்க வேண்டும். பாலிபுரோப்பிலீன் டிராப்பில் சொல்யூஷன் வேலை செய்யாது. சுவருக்குள் ஓதம், பல வீடுகளுக்குப் பொதுவான செங்குத்துக் குழாயில் கசிவு, தரைக்கு அடியில் நீர் ஊறுவது ஆகியவை தொழில் தெரிந்தவரின் வேலை. அங்கே கைவைத்தால் அடுத்த வீட்டுக்கும் சேர்த்துத் தொல்லை.

புது வீடு கட்டுகிறவர்களும் சமையலறையைப் புதுப்பிக்கிறவர்களும் டைல்ஸ் நிறத்துக்குக் கொடுக்கும் யோசனையில் கொஞ்சத்தைச் சிங்க்கின் அடிக்கும் கொடுக்கலாம். சுவரிலிருந்து வரும் கழிவு பைப்பின் வாய், டிராப்பின் பக்கவாய்க்குச் சற்றுத் தாழ்வாகவும் நேராகவும் இருந்தால் வளையும் பைப்பே வேண்டியிருக்காது, உறுதியான குழாயால் இணைத்துவிடலாம். கிடையாகப் போகும் குழாய்க்கு அடிக்குக் கால் அங்குலம், அதாவது மீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டர் அளவில் சரிவு வேண்டும். சரிவு இல்லாத இடத்தில் தண்ணீர் தேங்கி, இணைப்பு நாள் முழுதும் நனைந்தே கிடக்கும். சுவர் வாயில் குழாய் நுழையும் இடத்துக்கு ரப்பர் அடாப்டர் கேட்டு வாங்கிப் போடச் சொல்லுங்கள். கழிவுக்குழாய்க்கென்று உள்ள எஸ்.டபிள்யூ.ஆர். பைப்பில் இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 13592, ஏ, பி என்று இரண்டு வகை சொல்கிறது. ஏ வகை மழைநீருக்கும் காற்றுப்போக்கிக்கும், பி வகை கழிவுக்கு. பில்லில் எந்த வகை என்று பார்த்துக்கொள்ளலாம். அலமாரியின் பின்பலகையை ஆணியடித்து மூடிவிடாமல், இரண்டு திருகில் கழன்று வரும்படி தச்சரிடம் சொல்லிவைத்தால் பின்னால் இருக்கும் இணைப்புக்கும் கை எட்டும். கஞ்சி வடித்தால் சிங்க்கில் ஊற்றும் முன் கொஞ்ச நேரம் ஆறவிடுங்கள், அல்லது குழாயைத் திறந்து பச்சைத் தண்ணீரோடு சேர்த்து ஊற்றுங்கள்.